மூன்றாவது சங்கு

வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. தண்ணீர் 66 அடியைத் தொட்டதும் முதல் சங்கு, 68.5 அடியில் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அதன் பிறகுதான் உபரி நீரை ஆற்றில் விடுவார்கள். முதல் சங்குக்கே மதுரையில் யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. ஆனால், ஆற்றங்கரையில் மாடு கட்டியிருப்பவர் போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவார்.

என் கம்ப்யூட்டருக்கு இந்த விவேகம் இல்லாமல் போயிற்று. அக்காள் மகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அதன் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. யந்திரத்தை ஆளுவது அதுதான். நடக்கவே கூடாத ஒன்று தனக்குள்ளே நடந்துவிட்டதாகக் கண்டால் அது ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, மேலே வேலையைப் பார்க்கும். சாதாரண ஏற்பாடு அவ்வளவுதான். பையன் கண்டிப்புக்காரன், 'பேனிக் ஆன் வார்ன்' என்ற விசையைத் தட்டி வைத்துவிட்டான். அதாவது, முதல் சங்குக்கே எல்லாம் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் இரவு, என் கதாநாயகி பஸ் ஏறும் சமயத்தில் நின்றது. நாலு பக்கம் போயிற்று. எதற்காக நின்றது என்பதைக்கூட எழுதி வைக்க அதற்கு அவகாசமில்லை. செத்தவனிடம் வாக்குமூலம் வாங்குவது எப்படி?

"பிசகு தெரிந்த பிறகும் ஓடினால், உங்கள் நாவல் முழுவதையும் கிறுக்கிவிடலாமே, மாமா!" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆயிரக்கணக்கில் யந்திரங்களை வைத்திருக்கும் பெரிய நிலையங்கள் அப்படித்தான் நிறுத்துகின்றனவாம். ஒன்று விழுந்தால் பக்கத்திலிருப்பது தாங்கிக்கொள்ளும். என் மேஜையில் இருப்பதோ ஒன்றே ஒன்று. 1991-இல் லினக்ஸை ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ், கெர்னலுக்குள் யந்திரத்தையே சாகடிக்கும் வரிகளை எழுதுகிறவர்களைப் பலமுறை திட்டியிருக்கிறார். சொல்ல வேண்டியது கெர்னல். நிறுத்துவதா என்று தீர்மானிக்க வேண்டியவர் யந்திரத்தின் சொந்தக்காரர். ஆற்றுக்குக் கீழே எந்த ஊர் இருக்கிறது என்பது அவருக்குத்தானே தெரியும்? என் கட்சியும் அதுதான். 2023-இல் வந்த 6.2-ஆம் பதிப்பில் நடுவழி ஒன்றும் சேர்த்தார்கள்: இத்தனை எச்சரிக்கை சேர்ந்தால் நிறுத்து என்று எண்ணிக்கை குறிக்கலாம். அணைக்காரர்களின் அடிக்கணக்கு மாதிரி.

விசையை மாற்றச் சொன்னேன். மறுநாளே எச்சரிக்கை வந்தது. பாட்டுக் கேட்கிற பகுதியில் ஏதோ ஓர் எண் கோணலாம்! யந்திரம் பாட்டுக்கு ஓடியது. இதற்காகவா அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள்?

பையன் ஒரு நிபந்தனை போட்டான்: ஞாயிறுதோறும் வந்து அந்த எச்சரிக்கைகளைப் படிப்பேன் என்று. போன வாரம் மூன்று வரி இருந்தன. இரண்டு பழைய பாட்டு விவகாரம். மூன்றாவதைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்தான்.

"மாமா, இது டிஸ்க் பக்கம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பதினெட்டு அத்தியாயங்களையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டோம்.