முடிச்சூர் சாலையில் ஒரு நீலச் சட்டை

மேற்கு தாம்பரத்தில் இரவு எட்டு மணிக்கு வடகறி வாசம் என்னை இழுத்து நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கை மகள் முடிச்சூரில் வாங்கிய வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா. 2025 ஆகஸ்ட் கடைசி வாரம். மத்தியானச் சாப்பாடு கனமாக இருந்தது, ராத்திரிக்கு வீட்டில் யாருக்கும் பசியில்லை. எனக்குப் பசித்தது. சாலையோரமாக நடந்தபோது ஒரு தள்ளுவண்டியில் செட் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரில் ராத்திரிப் பசிக்கு எங்களுக்குத் தள்ளுவண்டிக் காளான் இருக்கிறது. வடகறியைப் பேரளவில்தான் அறிந்திருந்தேன். பழைய வடையை உதிர்த்துக் குழம்பாக்குவது ஏதோ மிச்சத்தை ஒப்பேற்றுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அது தப்பு. கடலைப்பருப்பு தன் கரகரப்பை முழுக்க விட்டுவிடாமல், சோம்பும் பட்டையும் ஏறி, தோசையின் துளைகளுக்குள் இறங்கியிருந்தது. முதல் வாயிலேயே சென்னை மேல் எனக்கிருந்த கோபத்தில் கொஞ்சம் குறைந்தது.

தோசை வார்த்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். துவைத்துத் துவைத்து வெளுத்த, சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் நீல ஜெர்சி. முதுகில் எண் உரிந்து போயிருந்தது. அந்த அணிக்கு ஆடிய 'மெண்டோசா'வின் பெயரில் பாதி எழுத்துகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெயரைத் தாம்பரத்தில் ஒரு தோசைக் கல்லுக்கு முன்னால் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சென்னையின் எஃப்சி ரசிகருங்களா? நாங்க ஐ-லீக்கே ஜெயிச்சவங்க" என்றேன்.

"எந்த ஊரு சார் நீங்க?"

"கோயம்புத்தூருங்க. சென்னை சிட்டி."

கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரைப் பாருங்க. சென்னை சிட்டி. பேரு எங்களோடது, கப்பு மட்டும் உங்களோடதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் நானும் என் மகனும் இருந்தோம். கோவையில் ஆடிவந்த சென்னை சிட்டி ஜெயித்தால் ஐ-லீக் பட்டம், இல்லையென்றால் ஒரே ஒரு புள்ளி பின்னால் நின்ற ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போகும். ஆரம்பத்திலேயே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டது. பாதி ஆட்டம் வரை கேலரி அடங்கிப் போய்க் கிடந்தது. பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார், தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. என் மகன் அன்று தொண்டை கட்டி மூன்று நாள் பேசவில்லை. அந்த அணியை வேறு ஊருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

"பேர்ல என்னங்க இருக்குது? கத்துனவங்க நாங்க. உங்க டீம் காசு குடுத்து வெளிநாட்டுக்காரங்களைக் கொண்டாந்து ஜெயிச்சது."

"மான்சி யாரு, பொள்ளாச்சியா?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடானது. அவர் விடவில்லை. "நுங்கம்பாக்கம் டீம் சார் அது. 1946ல ஆரம்பிச்சது. உங்க ஊருக்கு ஆட வந்துச்சு, அவ்ளோதான். உங்க எட்வின் அடுத்த வருஷமே எங்ககிட்ட வந்துட்டான், தெரியுமா?" எட்வின் வன்ஸ்பால் அந்தச் சாம்பியன் அணியிலிருந்து சென்னையின் அணிக்குப் போனது எனக்குத் தெரியும். போனபோது வருத்தப்பட்டவன் நான். தாம்பரத்துக்காரருக்குக் கால்பந்து தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்தவன் இன்னொரு செட் சொன்னேன்.

கூட்டம் குறைந்த பிறகு அந்தச் சட்டையின் கதையைச் சொன்னார். 2015 டிசம்பரில் அவர் குடும்பம் வரதராஜபுரத்தில் இருந்தது. டிசம்பர் 1 காலை தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு எங்கே ஓடுகிறது என்பதே அதுவரை தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாதாம். அந்த ராத்திரி அது வீட்டுக்குள் வந்து தன்னைக் காட்டியது. பழைய தள்ளுவண்டி போனது, அரிசி மூட்டை போனது, மாவரைக்கிற கிரைண்டர் போனது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்து, வண்டலூரில் மச்சான் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார்கள்.

"அப்பதான் சார் செமிஃபைனல். எங்க ஊர்ல நடக்க வேண்டிய மேட்ச். ஊரு தண்ணியில கிடக்குதுன்னு புனேவுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

அந்த இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் பத்து ஆட்டம் முடிந்தபோது சென்னையின் அணி கடைசி இடத்தில் கிடந்தது. அதன் பிறகு தொடர்ந்து நான்கு வெற்றி. டிசம்பர் 12 அன்று புனேவில், சொந்த ஊர் இல்லாத சொந்த ஊர் ஆட்டத்தில், கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. அவர் அதை மச்சான் வீட்டு டிவியில் பார்த்திருக்கிறார். "நாங்களும் ஊரைவிட்டு வெளிய, டீமும் ஊரைவிட்டு வெளிய" என்றார். இதைச் சொன்னபோது கல்லைப் பார்த்தபடியே இருந்தார்.

டிசம்பர் 20, கோவாவில் இறுதியாட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. மச்சான் டிவியை அணைக்கப் போனாராம். 90ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கைபட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே போனது. அடுத்த இரண்டு நிமிடத்தில் மெண்டோசா. 3-2. "வண்டி போன துக்கத்துல இருந்தவன் சார் நான். அன்னிக்கு எந்திரிச்சு நின்னு அழுதேன்." ஜனவரியில் கடன் வாங்கிப் புது வண்டி. அதோடு கூட இந்தச் சட்டை.

அந்த அணியின் அன்றைய பயிற்சியாளர் மார்கோ மாட்டராஸி. "ஜிடேன் முட்டினான்ல, அந்த ஆளு." 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோலும் அடித்து, முட்டும் வாங்கிய இத்தாலிக்காரர். எனக்கு மாட்டராஸி என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெருஜா. உம்பிரியா மாநிலத்து மலையூர் ஒன்றின் அணி. 2000-01இல் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே அந்த அணிக்காக லீகில் 12 கோல் அடித்தவர் அவர். அதே பெருஜா 1978-79இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் இரண்டாம் இடம் பிடித்தது. 11 வெற்றி, 19 சமன். தோற்கவே இல்லை, பட்டமும் இல்லை. 2005இல் திவாலானது, கீழ்ப் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கியது. 2010இல் மறுபடியும் திவால், மறுபடியும் கீழிருந்து. ஒவ்வொரு முறையும் அதே ஊர்ப் பெயர், அதே சிவப்புச் சட்டை.

சென்னை சிட்டி இல்லாமல் போன பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். பட்டம் வென்ற 2019இலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் அணி நம் அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. ஐரோப்பாவே கோவைக்கு வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. பெருஜா விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு ஊர் இருந்தது. நம் அணிக்குப் பெயர் ஒரு ஊரில், கூட்டம் இன்னொரு ஊரில். அது போனபோது சென்னையில் யாரும் கேட்கவில்லை. கோவையில் நாங்களும் கேட்கவில்லை. நானும் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. சட்டையை அலமாரியில் மடித்து வைத்தேன்.

இதை அவரிடம் சொன்னேன். மறுபேச்சுப் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் சென்னையின் அணி தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருந்தது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக் நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்தது கையெழுத்தாகியிருக்கவில்லை, லீக் எப்போது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2018இல் பெங்களூருக்கே போய் பெங்களூரை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை, மறு பருவத்தில் 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி, அதற்கடுத்து 2020 மார்ச்சில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் இறுதியாட்டத் தோல்வி. இத்தனைக்கும் கூட நின்றவர் அவர்.

"தோத்தா திட்டலாம் சார். ஆடவே இல்லன்னா யாரைத் திட்றது?"

அந்தப் பையன்களில் ஒருவன் கை கழுவிக்கொண்டே, "அண்ணா, மேட்ச் எப்ப?" என்று கேட்டான். தினமும் கேட்பான் போலிருந்தது. "இன்னும் சொல்லலடா."

காசு கொடுத்தேன். மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே, "உங்க கோயம்புத்தூர் ஸ்டேடியத்துல இப்ப இன்னா பண்றாங்க?" என்றார்.

"காலையில நடக்குறாங்க, ஓடுறாங்க."

"புல்லு இருக்குதா?"

"போன மாசம் பார்த்தேன். இருந்துச்சுங்க."

"வெட்டி வெச்சிருக்காங்களா?"

நினைத்துப் பார்த்தேன். கோல் கம்பத்துப் பக்கம் கொஞ்சம் வளர்ந்திருந்தது, நடுவில் வெட்டியிருந்தார்கள். அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, சில்லறையை என் கையில் வைத்து, அடுத்த ஆளுக்கு மாவை ஊற்றினார்.