மைசூர்ப் பிரயாணம் – 4: தமாஷா பங்களா

சாமுண்டி மலையிலிருந்து இறங்கிய மறுநாள் செவ்வாய்க்கிழமை என்பதும், மிருகக்காட்சி சாலைக்கு அன்று வாராந்தர விடுமுறை என்பதும் தெரியாமல் வாயில்வரை சென்று திரும்பியிருந்தேனாகையால், புதன்கிழமை காலை கதவு திறக்கும் வேளைக்கே அங்கே போய் நின்றுவிட்டேன்.

1892-ஆம் வருஷம் பத்தாம் சாமராஜ உடையார் கோடை அரண்மனைத் தோட்டத்தில் ஏறத்தாழ பத்து ஏக்கரில் ஸ்தாபித்த இந்த இடத்துக்கு ஜனங்கள் அந்நாளில் இட்ட பெயர் தமாஷா பங்களா. இரண்டே வருஷங்களில், 31 வயதில், மகாராஜா கல்கத்தாவில் காலமானார். அவருடைய குமாரர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ராஜ்யபாரத்தை நேரே ஏற்ற 1902-இல்தான் பொது ஜனங்களுக்கு இது திறந்துவிடப்பட்டது. 1909-இல் தந்தையின் திருநாமமும் இதற்குச் சூட்டப்பட்டது. பெங்களூர் லால்பாகை அழகுபடுத்திய ஜெர்மானியர் கிரும்பிகலின் கைவண்ணமும் இங்கே உண்டு என்பதை, நிழல் கவிந்த பாதைகளில் நடக்கையிலேயே உணரலாம்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்பவை ஒட்டகச்சிவிங்கிகள். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, பிற நகரங்களுக்கும் அனுப்பப்படும் வம்சம் அது. புலிக்கும் எனக்கும் நடுவே இரும்புக் கம்பிகள் இல்லாமல் ஓர் அகழி மட்டுமே கிடந்தது. கூண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏறும் பாரம் அவ்விடத்தில் சற்றே இறங்கியது என்பதை நான் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் தேடி வந்தது போலோவின் இடத்தை. அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து 1995-இல் வந்து, 2014-இல் இறக்கும்வரை பாரத தேசம் முழுவதிலும் இருந்த ஒரே கொரில்லா அது. முதுகில் வெள்ளி ரோமம் படர்ந்த ஆண் ஒன்றின் தலைமையில், பெண்களும் குட்டிகளுமாகக் கூடி உண்டு, கூடி உறங்கும் ஜாதியில் பிறந்த ஒரு ஜீவன், தன் இனத்தின் குரலையே கேளாமல் இத்தனை வருஷங்களைக் கழித்தது என்றால், உணவிலும் வைத்தியத்திலும் எந்தக் குறையும் வைக்காதபோதிலும், அதனை நாம் செய்த அநியாயம் என்றே என் மனம் சொல்கிறது.

எனக்கு அருகே நின்ற தமிழ்ப் பாட்டியம்மாள் ஒருவர் பேரனைத் தூக்கிக் காட்டி, "ஒத்தையாத்தான் இருந்துச்சு, கண்ணு. அம்மாம் பெரிய உருவம், பேசத் துணையில்லாம உட்கார்ந்திருக்கும்" என்றார்.

2021-இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்னும் ஆண் கொரில்லாக்கள் இரண்டு வந்து சேர்ந்தன. நான் பார்த்தபோது மூத்தது புல்தரையில் முதுகு காட்டி அமர்ந்திருந்தது. இளையது எங்கிருந்தோ ஓடிவந்து, அதன் கையிலிருந்த தழையைப் பறித்துக்கொண்டு, சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது. மூத்தது எழுந்து, அவசரமின்றி, அதன் பின்னே நடந்தது.

(தொடரும்)