கொசுறு மிளகு

வெளியுறவுக் கொள்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள டெல்லிக்குப் போக வேண்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு வத்தல்மலை ஏறினாலே போதும் என்பது ஜனவரி கடைசியில்தான் தெரிந்தது.

யோசனை நண்பருடையது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்கிறார்கள் என்பதால் ஊர் சுற்றுபவர். "ஊட்டி போக வசதி இல்லாதவன் ஏற்காடு போவான். ஏற்காடும் கட்டுப்படி ஆகாதவனுக்குக் கடவுள் வத்தல்மலையைப் படைத்தார்" என்றார். பெட்ரோல் என் செலவு, பைக் அவருடையது என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு தரப்புக்கும் சமமான ஒப்பந்தம் என்று அவர் இன்றுவரை சொல்லி வருகிறார்.

தர்மபுரியிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர். அடிவாரம் வரைக்கும் சாதாரண சாலை. அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழாவது வளைவில் காலையில் சாப்பிட்ட பொங்கல் குறுக்கிட்டதால் கணக்கு விட்டுப் போயிற்று. இருபதுக்கு மேல் நிச்சயம். 3,000 அடிக்கு மேலே போனதும் காற்று மாறுகிறது. வெயில் அடிக்கிறது, ஆனால் சுடவில்லை. கீழே தர்மபுரி, யாரோ கொட்டிவிட்டுப் போன சீட்டுக்கட்டு மாதிரி கிடக்கிறது.

இந்தச் சாலையே இந்த ஊருக்குப் புதுசு. பல தலைமுறைகளாக மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்காரர்கள் இல்லை சார், மலையை ஆள்பவர்கள், பேசுவது சுத்தத் தமிழ்) விளைந்ததைத் தலையில் சுமந்து, பாறையும் புதருமான வழியில் நடந்தே இறங்கினார்கள். பிரசவ வலி எடுத்தால் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கே நேரில் வந்து மக்களைச் சந்தித்தபோது, "வத்தல்மலையா, எங்கே இருக்கிறது?" என்று கேட்ட தமிழர்களில் நானும் ஒருவன்.

பெரியூர், சின்னாங்காடு, ஒன்றியங்காடு, பால்சிலம்பு என்று சின்னச் சின்ன ஊர்கள். ராகி, சாமை, பலா, காப்பி. இவற்றோடு, நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி. மரத்துக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி பச்சை.

ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் குச்சியுடன், கோழிகளிடமிருந்து நாட்டின் எல்லையைக் காத்துக்கொண்டிருந்தார்.

"கிலோ என்ன விலைங்க?" என்றார் நண்பர்.

"700 ரூபா. கீழ கடையில இன்னும் சாஸ்தி."

"600-னு போடுங்க."

பெரியவர் நண்பரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், மூணு கிலோ பச்சையைக் காயவெச்சா ஒரு கிலோ தேறும். மரத்துல ஏணி போட்டு ஏறிப் பறிக்கணும். போன தடவை வெல விழுந்தப்ப 400-க்குக் கூடக் கேக்க ஆளில்ல. சிலோன் மிளகு வந்து எறங்கிடுச்சாம். வியாபாரி சொன்னான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.காம். படித்தபோது ரிக்கார்டோ என்பவர் 1817-ல் எழுதியதை உருப்போட்டிருக்கிறேன். இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் காய்ச்சட்டும், மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்பார். அந்தக் கணக்கில் இங்கிலாந்து உண்டு, போர்ச்சுகல் உண்டு. ஏணி மேல் நிற்கும் வத்தல்மலைப் பெரியவர் மட்டும் இல்லை.

கதை இதுதான். 1998 டிசம்பர் 28-ம் தேதி பிரதமர் வாஜ்பாயும் இலங்கை ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்காவும் டெல்லியில் ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் அமல். இரண்டு நாடுகளுக்குமே அதுதான் அந்த மாதிரி முதல் ஒப்பந்தம். இலங்கையின் பரப்பளவு தமிழ்நாட்டில் சரிபாதி. இப்படி ஒரு யானையும் முயலும் ஒப்பந்தம் போட்டால் எப்படி இருக்க வேண்டும்?

முயலுக்குச் சலுகை கொடுத்தார்கள், கொடுக்கத்தான் வேண்டும். "இதற்கெல்லாம் சலுகை கிடையாது" என்று ஒதுக்கிவைத்த பட்டியலில் இந்தியா 429 பொருள்களைத்தான் வைத்தது. இலங்கை 1,180 வைத்துக்கொண்டது. இந்தியா மூன்று வருஷத்தில் வரியை நீக்க வேண்டும். இலங்கைக்கு எட்டு வருஷம். ஐ.கே. குஜ்ரால் 1996-ல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொன்ன கொள்கையின் சாயல் இது: இலங்கை, பூடான், நேபாளம், பங்களாதேஷ், மாலத்தீவு போன்ற சின்ன அண்டை நாடுகளிடம் பதிலுக்குப் பதில் கேட்காதே, முடிந்ததைக் கொடு.

இதை நம் சந்தை பாஷையில் கொசுறு என்போம். காய்கறி வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை. கொடுப்பவருக்குப் பெரிய நஷ்டமில்லை, வாங்குபவர் மறுபடி வருவார்.

ஆனால் கொசுறில் கில்லாடிகள் புகுந்தார்கள். இலங்கையில் பாமாயில் விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது. இருந்தும் அங்கிருந்து வனஸ்பதி டின் டின்னாக வந்தது. வெளிநாட்டுப் பாமாயிலை இறக்குமதி செய்து, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். கடைசியில் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் என்று கோட்டா போட வேண்டியதாயிற்று. மிளகுக்கும் ஒரு கோட்டா உண்டு: வரியில்லாமல் 2,500 டன்.

2,500 டன் நிஜமான இலங்கை மிளகு வந்தால் யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. சிக்கல் வியட்நாம். உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு. அங்கிருந்து நேராக வந்தால் 2017-ல் 50 சதவீதத்துக்கு மேல் வரி. கொழும்பு வழியாக, இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு வந்தால்? கோட்டாவுக்குள் வரியில்லை. அதற்கு மேல் போனாலும் சார்க் நாடுகளின் ஒப்பந்தப்படி 8 சதவீதம்தான். வியட்நாம் மிளகு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது என்று விவசாயிகள் கூச்சல் போட்டார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி செய்ய முடியாது என்று உத்தரவு போட்டது. 2016-ல் 700 ரூபாயை எட்டிப் பார்த்த விலை 2018-ல் 400-க்கும் கீழே போனது. உத்தரவுக்கும் விலைக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் பெரியவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டிடத்துச் சாரத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முகமெல்லாம் வெள்ளைப் பெயின்ட். தண்ணீர் கேட்டுக் குடித்தார். நடுவில் "ஓம்" என்றார். தர்மபுரித் தமிழில் அந்த ஓம் கிடையாது.

விசாரித்தேன். மாவட்டத்தின் அணைக்கட்டு ஓரத்து இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றிலிருந்து பெயின்ட் வேலைக்கு வந்தவர். தாத்தா மாத்தளைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கலவரத்துக்குப் பயந்து குடும்பம் வவுனியா போனது. 1990-ல் படகேறி வந்தபோது இவருக்கு ஏழு வயது. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-ல் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. "பேர் நல்லாத்தான் இருக்குது சார். ஆனா நான் இன்னும் எந்த நாட்டுக் குடிமகனும் இல்ல."

தார்ப்பாயைப் பார்த்தார். ஒரு மிளகை எடுத்துக் கடித்தார். "மாத்தளையிலும் இதே கொடிதான். அங்க கிளிரிசிடியா மரத்துல ஏத்துவாங்கனு அப்பா சொல்லுவார்."

நண்பர் என் தொடையைக் கிள்ளினார். சிலோன் மிளகால் அடிபட்டவரும் சிலோன்காரரும் ஒரே தார்ப்பாயின் இரண்டு பக்கம். சண்டை வந்தால் பைக் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் கேட்டது வேறு. "அங்க வெளைய வெக்கிறவனுக்கு என்ன வெல கெடைக்குது தம்பி?"

"அவங்களும் கஷ்டம்தான் ஐயா. வேற நாட்டு மிளகு வந்து எறங்கினா அங்கயும் வெல விழும், பேரும் கெடும்."

பெரியவர் தலையாட்டினார். "அப்போ அவங்க வெளஞ்சத அவங்க விக்கட்டும். அவங்க பேரச் சொல்லி வேறவன் விக்கிறான் பாரு, அதான் தப்பு."

வர்த்தக ஒப்பந்தங்களில் இதற்குத் தோற்ற விதி என்று பெயர். பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதமாவது இலங்கையில் உருவாகியிருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. எழுதினவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பெரியவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"இலங்கைக்காரங்களும் நம்மளப் பாத்துப் பயப்படுறாங்க, தெரியுமா?" என்றேன். ஒப்பந்தத்தை விரிவாக்க 2008-ல் எல்லாம் தயாராக இருந்தும் இலங்கையில் எதிர்ப்பு கிளம்பி நின்றுபோனது. 2016-லிருந்து வேறு பெயரில் பேசுகிறார்கள். இந்திய சாமானும் இந்திய ஆள்களும் வந்து குவிந்துவிடுவார்கள் என்று அங்கே டாக்டர்கள்கூடக் கொடி பிடித்தார்கள்.

பெரியவர் சிரித்தார். "பயம் இருக்காதா? இந்த ரோடு வேணும்னு எத்தனை வருஷம் மனு குடுத்தோம். வந்துச்சு. நல்லதுதான், பஸ்ஸு வருது, ஆஸ்பத்திரி போவலாம். ஆனா ரோடு போட்டதும் மொதல்ல மேல வந்தது யாருன்னு நெனைக்கிற? தராசு தூக்கிக்கிட்டு வியாபாரி. அடுத்தது நெலம் கேட்டு டவுன்காரன். கீழ இருக்கறவன் பெரியவன். நல்லவனாவே இருந்தாலும் பெரியவன்தான? ரோடும் வேணும், பயமும் இருக்கும்."

வெளியுறவுத் துறை வல்லுநர்கள் கருத்தரங்கு வைத்துப் பேசுவது இதைத்தான்.

பெரியவன் என்ற முறையில் நாம் நன்றாகவும் நடந்திருக்கிறோம். 2022-ல் இலங்கை கஜானா காலியாகி, பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் மக்கள் வரிசையில் நின்றபோது, இந்தியா கொடுத்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் 100 கோடி டாலர் கடன். அந்த மே 18-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடு கிளம்பியது. 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்தபோதும் நம் உதவி உடனே போனது. டிசம்பரில் 45 கோடி டாலர் திட்டம் அறிவிக்கப்பட்டது.

இதெல்லாம் நாட்டின் பொதுப் பணம். 140 கோடிப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டது, யாருக்கும் வலிக்கவில்லை. மிளகுச் சலுகை அப்படியல்ல. கொடுத்த பெருமை மொத்த நாட்டுக்கும், விலை விழுந்த வலி சில மலைகளில் ஏணி ஏறுபவர்களுக்கு மட்டும். கொசுறு கொடுப்பதில் தப்பே இல்லை. யார் கூடையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். விலை விழும் வருஷத்தில் அந்தக் கூடைக்காரருக்கு ஈடுகட்டவும் வேண்டும். முயலுக்குக் கொடுத்த சலுகையில் நரி சாப்பிட்டுவிட்டுப் போகிறதா என்று துறைமுகத்தில் ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நண்பர் கடைசி முயற்சியாக "650?" என்றார். பெரியவர் காதில் விழாத மாதிரி குச்சியால் கோழியை விரட்டினார். நான் ஒரு கிலோ 700 கொடுத்தே வாங்கினேன். பி.காம். படித்த பிராயச்சித்தம்.

பெயின்டர் வேலைக்குத் திரும்பக் கிளம்பினார். பெரியவர் கூப்பிட்டார். தார்ப்பாயிலிருந்து இரண்டு கை மிளகை அள்ளி, பேப்பரில் மடித்து, அவர் சட்டைப் பையில் திணித்தார்.

"வேணாம் ஐயா, காசு இல்ல."

"காசு யாரு கேட்டா? வீட்டுல ரசம் வெக்கச் சொல்லு."

"எனக்கு?" என்றார் நண்பர்.

"நீங்க வாங்கவே இல்லையே சார்!"