நெருப்பில்லா மின்சாரம்

மத்தியப் பிரதேசத்தில் பீனா சந்திப்பில் ரயில்வே குமாஸ்தாவாக இருக்கும் என்னைக் காண, சென்ற மே மாதம் என் தந்தையார் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். இளமையில் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக உழைத்தவர் அவர். நெருப்பை வளர்ப்பதே அவர் தொழில். கரித்தூசு தந்த இருமல் இன்றும் அவரை விட்டு நீங்கவில்லை.

ஒரு மாலை, 2020-ஆம் ஆண்டில் இங்கு ரயில் ஓட்டத்திற்கென அமைக்கப்பட்ட சூரிய மின்நிலையத்தை வேலிக்கு வெளியே நின்று காட்டினேன்.

“இந்த வெயிலுக்கு மின்சாரம் பெருகி வழியுமே!” என்றார்.

“இல்லை அப்பா, சூடு மிகுந்தால் குறையும்” என்றேன். அவர் நம்பவில்லை.

நான் அறிந்த அளவில் விளக்கினேன். சிலிக்கன் வில்லையின்மேல் ஒளி விழும்போது அதிலுள்ள எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. வில்லையின் இரு அடுக்குகள் சேருமிடத்திலுள்ள மின்புலம் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. அதுவே மின்னோட்டமாகிறது. ஒரு வில்லை தருவது ஏறக்குறைய அரை வோல்ட்டுதான். ஆகவே பல வில்லைகளை வரிசையாக இணைக்கிறார்கள். கிடைக்கும் நேர் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் மாறு மின்னோட்டமாக்குகிறது. டிரான்ஸ்ஃபார்மர் அதை 25,000 வோல்ட்டுக்கு உயர்த்தி ரயில் கம்பிக்கு அனுப்புகிறது. வேலை செய்வது ஒளி. வெப்பமோ வில்லையின் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது.

“அப்படியானால், நான் பாடுபட்டு வளர்த்த சூடு இங்கே வேண்டாத விருந்தாளி!” என்றார் தந்தையார். அவர் குரலில் இருந்த வாட்டம் என்னைச் சுட்டது.

“இது சிறிய நிலையந்தான் அப்பா. இதன் திறன் 1,700 கிலோவாட். 6,000 குதிரைத்திறன் கொண்ட சரக்கு எஞ்சின் ஒன்றுக்கே முழு வேகத்தில் 4,500 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். இரவில் இது உறங்கிவிடும்” என்று தேற்ற முயன்றேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் பீய்ச்சித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்த தொழிலாளரையே பார்த்திருந்தார்.

“எதற்குக் கழுவுகிறார்கள்?”

“தூசு படிந்தால் ஒளி உள்ளே புகாது.”

“நாங்களும் சாம்பலை வாராமல் எஞ்சினைக் கிளப்பியதில்லை” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார்.

“இவர்களுக்கு இந்தக் கரி இருமல் வராதல்லவா?”

“வராது அப்பா.”

“அது போதும்” என்று கூறி, என் தோளைப் பற்றிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.