வந்தேறி என்றொரு சொல்

சென்ற தவணையில் ஒருநாள், மலைநாட்டுப் பாடசாலையொன்றின் உயர்தர வகுப்பிலே, மரத்தைத் துளைக்கும் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். யன்னலுக்கு அப்பால், தேயிலை கைவிடப்பட்ட ஒரு மேட்டில், பைனஸ் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குச் சென்று, அங்கே அளவின்றிப் பெருகி, நாசம் விளைக்கும் பூச்சியினத்தைத் தமிழில் எவ்வாறு குறிப்பிடுவது என்று ஒரு கணம் யோசித்தோம். பாடநூலிலுள்ள சொல் வறட்சியாகத் தோன்றியது. மக்கள் வழக்கிலுள்ள சொல்லே பொருளை உடனே விளக்கும் என்று கருதி, கரும்பலகையில் 'வந்தேறிப் பூச்சிகள்' என எழுதினோம்.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். தோட்டத்து லயமொன்றிலிருந்து நாள்தோறும் நடந்து வருபவள். "வந்தேறின்னு எங்களைத்தானே சேர் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அவள் குரலிற் கோபம் இருக்கவில்லை. ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளக் கேட்பவள் போலவே கேட்டாள். அதனாலேயே அக்கேள்வி நம்மை அதிகம் சுட்டது.

சொல்லை அழித்தோம். ஆயின் அழித்ததோடு விடயம் முடிந்துவிட்டதாகத் தோன்றவில்லை. 'தோட்டக்காட்டான்' என்னும் சொல்லை யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முற்போக்குக் கொள்கைகளை ஏற்ற பின்னரும் பழைய சொற்கள் நாவின் அடியில் தங்கியிருந்து, எதிர்பாராத வேளையில் வெளிவருகின்றன. மனிதரைச் சுட்ட அச்சொல்லை வழங்குவது இழிவு என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மனிதர் பூச்சிகளல்லர், இரண்டையும் ஒப்பிடுவதே பிழை. எனினும் அன்றிரவு வேறொரு கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. பூச்சியின் அழிவுச் செயலை விளக்குவதற்கேனும் அந்தச் சொல் உதவுமா? மரங்கள் ஏன் சாகின்றன என்பதை அது நமக்குச் சொல்லுமா?

அன்று நாம் நடத்திய பாடம் சைரெக்ஸ் என்னும் மரக்குளவியைப் பற்றியது. ஐரோப்பாவும் வட ஆபிரிக்காவும் இதன் தாயகங்கள். அங்கே இது பெருங்கேடாகக் கருதப்படுவதில்லை. நலிந்த மரங்களையும் சாகும் நிலையிலுள்ள மரங்களையுமே அது நாடுகின்றது. அதனை அடக்கி வைக்க இயற்கை எதிரிகள் பலவுண்டு. பெண்குளவி தன் முட்டையிடு குழாயாற் பட்டையைத் துளைத்து, நச்சுச் சீதத்தையும், ஒருவகைப் பங்கசையும், முட்டைகளையும் மரத்தினுட் செலுத்துகின்றது. சீதம் மரத்தின் வலுவைக் குலைக்கின்றது. பங்கசு மரத்தை உலர்த்துகின்றது. முட்டையினின்று வெளிவரும் குடம்பி, அப்பங்கசை உணவாகக் கொண்டு மரத்தைச் சுரங்கம்போல் அகழ்கின்றது. பச்சை ஊசியிலைகள் மஞ்சளித்து, பின்னர் செங்கபில நிறமாகிக் காய்கின்றன.

1900ஆம் ஆண்டளவில் இக்குளவி நியூசிலாந்திற் காணப்பட்டது. 1952இல் தஸ்மேனியாவிலும், 1961இல் அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் விக்டோரியா மாநிலத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது. உருகுவேயில் 1980, பிரேசிலில் 1988, தென்னாபிரிக்காவில் 1994 என அதன் பயணம் நீண்டது. வர்த்தகக் கப்பல்கள் சுமந்த வெட்டுமரமும் பொதிப் பலகைகளுமே அதன் வாகனங்களாக இருந்தன எனக் கருதப்படுகின்றது. குளவி தானாகக் கடலைக் கடக்கவில்லை. வணிகமே அதனைக் கொண்டு சென்றது.

இனி, அது தாக்கிய மரத்தைப் பார்ப்போம். அவுஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பைனஸ் இனம் எதுவும் இயற்கையாக வளர்ந்ததில்லை. அங்கே பல இலட்சம் ஏக்கரில் நடப்பட்ட றேடியாற்றா பைனஸ், கலிபோர்னியாக் கடற்கரையில் மூன்று சிறு இடங்களிலும் மெக்சிக்கோவுக்குரிய இரு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாகக் காணப்பட்ட மரம். விரைவாக வளரும், விரைவாகக் காசாகும் என்பதற்காகவே அது கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டது. ஆகவே அங்கு மரமும் வெளியிலிருந்து வந்தது. பூச்சியும் வெளியிலிருந்து வந்தது. ஒன்றுக்குச் 'செல்வம்' என்றும் மற்றொன்றுக்கு 'வந்தேறி' என்றும் பெயரிட்டது கணக்குப் புத்தகமே.

அப்படியாயின் மரங்கள் ஏன் செத்தன? 1940களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் வறட்சி நிலவியபோது, நெருக்கமாக நடப்பட்டு, பின்னர் கவனிப்பாரற்று விடப்பட்ட தோட்டங்களிலேயே குளவி பேரழிவை விளைத்தது. நெருங்கி நிற்கும் மரங்கள் ஒளிக்காகவும் நீருக்காகவும் ஒன்றோடொன்று போட்டியிட்டு மெலிகின்றன. மெலிந்த மரத்தைக் குளவி இனங்கண்டுகொள்கின்றது. உரிய பருவத்தில் மரங்களிற் சிலவற்றை வெட்டி அகற்றி ஏனையவற்றுக்கு இடமளிப்பதனை 'ஐதாக்குதல்' என்பர். ஐதாக்கப்பட்ட தோட்டத்தில் நிற்கும் மரம் திடமானது. குளவியின் தாக்குதலை எதிர்த்து நிற்கக் கூடியது. ஆனால் ஐதாக்குவதற்கு ஆட்கள் வேண்டும். கூலி கொடுக்க வேண்டும். வெட்டப்படும் சிறு மரங்களுக்கோ நல்ல விலை கிடைப்பதில்லை. இன்றைய இலாபத்தையே நோக்குபவனுக்கு அது வீண் செலவாகத் தோன்றும்.

விஞ்ஞானிகள் கண்ட மருந்து வியப்புக்குரியது. 1962இல் நியூசிலாந்தில், இக்குளவியின் உடலில் வாழ்ந்து அதனை மலடாக்கும் ஒரு நூற்புழு கண்டறியப்பட்டது. அவுஸ்திரேலிய அரசாங்க ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த றொபின் பெடிங் அதன் இரட்டை வாழ்க்கையை ஆராய்ந்து விளக்கினார். குளவி மரத்திற் பரப்பும் அதே பங்கசை உண்டு அப்புழு பல தலைமுறைகள் பெருகக் கூடியது. குளவியின் குடம்பி அருகே இருக்குமாயின் வேறொரு வடிவெடுத்து அதன் உடலினுட் புகுந்துவிடும். புழு புகுந்த பெண்குளவி வழமைபோற் பறந்து சென்று மரத்தைத் துளைக்கின்றது. ஆயின் அது இடும் முட்டைகள் நூற்புழுக்களைச் சுமந்த வெற்று முட்டைகளே. பகைவனே மருந்தைக் காவிச் செல்கிறான். தொழிலாளர் மரத்தில் துளையிட்டு, ஜெலற்றினிற் கலந்த புழுக்களை அத்துளைகளில் இடுவர். ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் ஒட்டுண்ணிக் குளவிகளும் வருவிக்கப்பட்டன. மருந்திலும் ஒரு பகுதி கடல் கடந்து வந்ததே என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

வெற்றி கிடைத்ததும் விழிப்புத் தளர்ந்தது. தென் அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கும் விக்டோரியாவின் மேற்கும் கூடுமிடத்திற் 'பச்சை முக்கோணம்' எனப்படும் பெரும் பைனஸ் பிரதேசம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் இக்குளவியாற் செத்தன. ஐதாக்குதல் தாமதமாகியிருந்தது, குளவியின் பெருக்கமும் காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. அத்துடன் இன்னொன்றும் தெரியவந்தது. ஏறத்தாழ இருபதாண்டு காலமாக ஆய்வுகூடத்திற் பங்கசை மட்டும் ஊட்டி வளர்க்கப்பட்ட நூற்புழுக்கள், குளவியினுட் புகும் ஆற்றலைப் பெருமளவு இழந்திருந்தன. வசதியாக உண்டு பெருகியவை தம் தொழிலை மறந்துவிட்டன! 1970இல் முதன்முதலாகப் புழுக்கள் விடப்பட்ட தஸ்மேனியாவின் கமோனாக் காட்டுக்கு விஞ்ஞானிகள் திரும்பிச் சென்றனர். களத்திற் குளவியோடு போராடியே வாழ்ந்த புழுக்களின் சந்ததி அங்கே இருந்தது. 1991இல் அதனை எடுத்து மீண்டும் பெருக்கினர். களத்தைப் பிரிந்த அறிவுக்கு நேரும் கதியை ஆசிரியர்களாகிய நாம் இதிலிருந்து அறிந்துகொள்வது நன்று.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கொரு பாடமுண்டு. தேயிலைச் செடியின் கிளையைத் துளைத்து, உள்ளே தனக்கு வேண்டிய பங்கசை வளர்த்து உண்ணும் சிறு வண்டொன்று நமது தோட்டங்களின் நெடுங்கால நோவு. 1950களில் அதனை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. விளைவு யாது? இலைகளைப் பிணைத்து உண்ணும் வேறொரு புழு கட்டுக்கடங்காமற் பெருகியது. அப்புழுவை அடக்கவென 1930களில் யாவாவிலிருந்து கொணரப்பட்டு இங்கேயே நிலைத்துவிட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவியை அந்நஞ்சு கொன்றுவிட்டது. பகைவனை மட்டுமே கண்டவர்கள் நண்பனைக் காணவில்லை. நஞ்சைத் தெளித்த கைகளோ தோட்டத் தொழிலாளரின் கைகள்.

இவற்றைக் கொண்டு எல்லைக் காவலே வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. தன் இயற்கை எதிரிகளை விட்டு வந்த பூச்சி ஆபத்தானது என்பது உண்மையே. பொதிப் பலகைகளின் நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடேற்ற வேண்டும் என்னும் முறை 2002இல் சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது, அது அவசியமானது. ஆயினும் குளவி எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நின்றுவிட்டவர்கள் தமது மரங்களைக் காக்கவில்லை. மரம் ஏன் மெலிந்தது, யார் அதனை நெருக்கி நட்டார், எவருடைய இலாபத்துக்காக ஐதாக்குதல் தள்ளிப்போடப்பட்டது என்றும் கேட்டவர்களே காத்தனர்.

'வந்தேறி' என்னும் சொல் செய்வது இதுவே: பிந்திய கேள்விகளை எழவிடாமல் முந்திய கேள்வியோடு நம்மை நிறுத்திவிடுகின்றது. கண்டிய விவசாயி நிலமிழந்தது எவ்வாறு? 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் மலைக்காடுகளையும் சேனை நிலங்களையும் அரசின் உடைமையாக்கித் தோட்டத் துரைமாருக்கு வழி திறந்தது. ஆனால் நிலத்தை எடுத்தவரை விடுத்து, அந்நிலத்திற் கூலிக்கு உழைத்தவரை நோக்கியே விரல் நீண்டது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இன் ஒப்பந்தம் அவர்களை இரு அரசுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. அத்தனை காலமும் அந்த ஒரு சொல், துரையையும் சட்டத்தையும் மறைக்கும் திரையாகத் தொங்கியது. திரையின் ஒரு நுனியைத் தமிழரிற் பலரும் பிடித்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை எழுத நமக்கு உரிமையில்லை.

அடுத்த பாடத்தின்போது கரும்பலகையில் ஒரு கேள்வியை மட்டும் எழுதினோம்: 'மரம் ஏன் செத்தது?' அந்த மாணவியிடம் நமது தவறுக்கு வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தோம். அவள் சங்கடத்தோடு தலையாட்டிவிட்டுக் கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க அப்பா கவ்வாத்து வெட்டுறவரு சேர். வெட்ட வேண்டிய நேரத்துல வெட்டலன்னா செடி கெட்டுப்போயிரும்னு சொல்லுவாரு. அந்த மரத்தையும் யாரும் பாக்கல போல."

பச்சை முக்கோணத்தின் பாடத்தை அவள் இரண்டு வாக்கியங்களிற் சொல்லிவிட்டாள். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுமாறு ஏனைய மாணவரிடம் கூறினோம்.