காத்திருந்து கேட்கிற ஊர்

அரைகுறை ஸ்பானிஷைக் கேட்டுப் பழகிய ஊர் சலமாங்கா. மாட்ரிட்டிலிருந்து மேற்கே பேருந்தில் இரண்டரை மணி நேரம் போனால் தோர்மெஸ் ஆற்றங்கரையில் வருகிறது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் இந்த ஊரில், 1218-இல் லெயோன் அரசர் ஒன்பதாம் அல்போன்சோ தொடங்கிவைத்த பல்கலைக்கழகம் இன்றும் நடக்கிறது. ஸ்பெயினில் இதைவிடப் பழையது இல்லை. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்தும் சாப்பாடு போட்டும் எண்ணூறு ஆண்டு பழக்கப்பட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் நின்று, சரியான வினையைத் தேடிப் பிடித்து முடிக்கும்வரை ரொட்டிக் கடைக்கார அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களும் நிற்பார்கள். நான் கற்ற ஸ்பானிஷில் பெரும்பங்கு இப்படி மற்றவர்கள் எனக்காகக் காத்திருந்த நேரத்தில் கிடைத்தது.

வகுப்பு காலை ஒன்பதுக்குத் தொடங்கும். பிரேசில், கொரியா, ஜெர்மனி, அமெரிக்கா என்று ஆளுக்கொரு நாடு. ஆசிரியை ஆங்கிலம் தெரிந்தவர்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே வகுப்பில் ஸ்பானிஷ் மட்டும். உச்சரிப்புப் பாடத்தில் ஒருநாள் எல்லோருக்கும் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். அதை உதட்டுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, 'ப', 'த', 'க' ஒலிகளில் தொடங்கும் சொற்களைச் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் இந்த ஒலிகளோடு மூச்சுக் காற்று பீறிடக் கூடாது, காகிதம் அசையாமல் நிற்க வேண்டும். அமெரிக்கப் பையனின் காகிதம் ஒவ்வொரு சொல்லுக்கும் படபடத்தது. ஜெர்மன் பெண்ணுக்கும் அப்படியே. என் காகிதம் அசையவே இல்லை. பல், தலை, கல் என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு அது தானாக வருகிறது. ஆசிரியை என்னை எழுப்பி நிறுத்தி இன்னொரு தடவை சொல்லச் சொன்னபோது அடைந்த மகிழ்ச்சியை மறைக்க நான் முயலவே இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த மொழியில் இன்னும் சில சலுகைகள் உண்டு. 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஸ்பானிஷிலும் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும், 'நான்' தேவையில்லை. 'எனக்குப் பிடிக்கிறது', 'எனக்குத் தலை வலிக்கிறது' என்று நாம் சொல்கிற முறையும் அங்கே அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இந்த இடத்தில் வாரக்கணக்கில் திணறுவார்கள். தமிழிலிருந்து நேரே ஸ்பானிஷுக்குப் போக ஒரு நல்ல பாடநூல் இருந்தால் எவ்வளவு பேருக்கு உதவும்! ஐரோப்பாவின் வாழும் மொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் இலக்கண நூலே ஸ்பானிஷுக்குத்தான். அந்தோனியோ தே நெப்ரிஹா எழுதிய அந்த நூல் 1492-இல் அச்சானது இதே சலமாங்காவில்.

பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தில் பிராய் லூயிஸ் தே லெயோன் பாடம் சொன்ன அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். செதுக்கியும் செதுக்காமலும் நீளநீளமாகக் கிடக்கும் மரக்கட்டைகள்தான் பெஞ்சு. அதில் மாணவர்கள் கத்தியால் கீறிய எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. 1572 முதல் 1576 வரை மதவிசாரணை மன்றம் அவரைச் சிறையில் வைத்தது. விவிலியத்தின் உன்னதப்பாட்டை மக்கள் பேசும் ஸ்பானிஷில் பெயர்த்ததும் அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. சுற்றுலா வருகிறவர்கள் வெளியே முகப்புச் சிற்பத்தில் மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையைத் தேடிக்கொண்டு நிற்பார்கள். அதைக் கண்டுபிடித்தால் தேர்வில் தேறலாம் என்பது மாணவர்களின் பழைய நம்பிக்கை. எனக்கு அந்த மரக்கட்டைகள் போதும். இன்று நான் காசு கட்டிப் படிக்கும் மொழிக்காக ஒருவர் நாலாண்டு சிறையில் இருந்திருக்கிறார்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கணவர் இறந்த பிறகு இரண்டு அறைகளை மாணவிகளுக்கு விடுகிறார். வந்த அன்றே தன்னை 'நீ' என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். இங்கே அது அன்பின் அடையாளம். எனக்கு நா எழவில்லை. இன்றுவரை 'நீங்கள்' தான், அவரும் விட்டுவிட்டார்.

ஊருக்கு வடக்கே லா அர்முன்யா சமவெளியில் விளையும் பருப்பு நாடெங்கும் பேர்பெற்றது. வாரத்தில் ஒருநாளாவது அது வீட்டில் வேகும். வெங்காயம், காரட், பிரிஞ்சி இலை போட்டுச் சிறு தீயில் வேகவைப்பார். எனக்காகத் தொத்திறைச்சி போடாமல் தனிப் பானை. கடைசியில் சின்ன வாணலியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, பூண்டைச் சீவிப் போட்டு, அது பொன்னிறமானதும் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். அதற்குப் பிறகுதான் மிளகாய்த் தூள். கருவாலி விறகின் புகையில் உலர்த்திய லா வேரா தூள் அது. தீயில் பட்டால் ஒரு நொடியில் கசந்துவிடும். கிளறிச் சுடச்சுடப் பருப்பின் மேல் ஊற்றுவார். நம் வீட்டுத் தாளிப்பேதான், மணம் மட்டும் வேறு. ஸ்பானிஷ் ஏவல் வினைகளில் விதிக்கு அடங்காத எட்டு உண்டு, எல்லாம் ஓரசைச் சொற்கள். வகுப்பில் அவை பட்டியலாக வந்தபோது பாதி எனக்கு முன்பே தெரிந்திருந்தது. 'பொன்' என்றால் போடு, 'தென்' என்றால் பிடித்துக்கொள், 'பென்' என்றால் வா. அவர் கையில் கரண்டியும் என் கையில் தட்டுமாக நின்று பழகியவை அவை.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்கிறவர்கள் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பதிவு, வங்கியில் கட்டணம், போலீஸ் அலுவலகத்தில் கைரேகை என்று அது பாட்டுக்கு நடந்தது. படிவத்தில்தான் நின்றுபோனேன். முதல் குடும்பப்பெயர், இரண்டாம் குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். ஸ்பெயினில் பிள்ளைக்கு அப்பா வழிப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று. எது முன்னால் வரலாம் என்பதை 1999-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு பெற்றோரே முடிவு செய்கிறார்கள். கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. நமக்கோ குடும்பப்பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் இருந்தபடி அப்பா பெயரை முதல் கட்டத்தில் எழுதினேன். கூடத்தில் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள், நான் எழுந்து போனேன். ஊரில் அவர் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மாள், "இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதினாய்?" என்று கேட்டார். காலியாக விட்டேன் என்றேன். "உன் அம்மாவுக்குப் பெயர் இல்லையா?" என்றார். மறுநாள் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் மூன்றும் இருந்தன. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அம்மா அதை அத்தை, சித்தி எல்லோருக்கும் காட்டியிருக்கிறார்.

எட்டு மணிக்கு மேல் ஊரே பிளாசா மயோருக்கு வந்துவிடும். 1729-இல் தொடங்கி 1755-இல் கட்டி முடித்த சதுக்கம். அருகிலுள்ள வில்லமயோர் கல், அதிலுள்ள இரும்பினால் வெயிலிலும் மழையிலும் பொன்னிறம் ஏறிவிடுகிறது. 'மணிக்கூண்டுக்குக் கீழே' என்றால் போதும், சந்திக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர் நினைப்பு வரும். தமிழ் பேச ஒருவர் தடுமாறினால் நாம் உடனே ஆங்கிலத்துக்கோ சைகைக்கோ போய்விடுகிறோம். உதவுவதாகத்தான் நினைக்கிறோம். திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் எத்தனை வாக்கியங்களைப் பாதியில் விட்டிருப்பார்கள்! இங்கே என்னிடம் யாரும் மொழி மாறவில்லை. மெதுவாகப் பேசினார்கள், திரும்பச் சொன்னார்கள், அவ்வளவே. அவர்களுக்கு அது ஒரு நிமிடம். அந்த நிமிடத்தை நாமும் கொடுக்க வேண்டும்.

போன வாரம் அடுத்த அறைக்குக் கொரியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரவுச் சாப்பாடு இங்கே பத்து மணிக்கு. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் எதையோ சொல்லத் தொடங்கினாள். 'எனக்கு' வந்தது, 'ஏழு மணிக்கு' வந்தது, வினை வரவில்லை. அவளுக்கு வேண்டியது எனக்குப் புரிந்துவிட்டது, எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அம்மாள் என் கையைப் பிடித்து, "அவளே சொல்லட்டும்" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் நோட்டைப் புரட்டி, மூடி, மறுபடி தொடங்கி, ஏழு மணிக்கே பசி வந்துவிடுகிறது என்று சொல்லி முடித்தாள். நாளையிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கு முட்டை அடை செய்து தட்டு போட்டு மூடி வைப்பதாகவும், எடுத்துச் சாப்பிட யாரையும் கேட்க வேண்டாம் என்றும் அம்மாள் சொன்னார். அவளுக்கு அது முழுதாகப் புரிய இன்னும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.