இன்ஹேலர் கடைசி மருந்து அல்ல

எனக்குச் சிறுவயதிலிருந்தே வீசிங், அதாவது ஆஸ்துமா, உண்டு. மார்கழிப் பனியிலும் போகிப் புகையிலும் அது கூடிவிடும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே இரவைக் கழிப்பேன். அம்மா முதுகைத் தடவியபடி கூடவே விழித்திருப்பார்.

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்ததும் வீடே பயந்தது. "பழகிட்டா விடவே முடியாதும்மா. அது கடைசிக் கட்டத்துல எடுக்கறது" என்றார் பெரியம்மா. வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது என்ற கவலை வேறு. மாத்திரையே போதும் என்று முடிவாயிற்று. போட்டால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஆனாலும் மாத்திரைதான் பாதுகாப்பு என்று நம்பினோம்.

பல வருடம் கழித்து ஒரு நுரையீரல் மருத்துவர் பொறுமையாகக் கணக்குச் சொன்னார். நான் போட்டுவந்த சால்பியூட்டமால் மாத்திரையில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை உடம்பெல்லாம் சுற்றுகிறது. இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது.

இழுப்பு இல்லாத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் அழற்சி இருக்கும் என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். புகையோ தூசியோ சளியோ சீண்டினால் தசை இறுகி, கோழை சேர்ந்து, வழி குறுகுகிறது. சால்பியூட்டமால் இறுக்கத்தைத் தளர்த்தும்; அழற்சியைத் தணிக்காது. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். மூச்சு நன்றாக இருக்கும்போதும் அதை விடாமல் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் என் இரவுகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன.

2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் 26 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமா. இந்தியாவில் மட்டும் சுமார் 3.4 கோடி. உலக நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால் ஆஸ்துமாவால் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியர்கள். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், ஸ்டீராய்டு இன்ஹேலரைப் போதிய அளவு பயன்படுத்தாததும் இதற்கு முக்கியக் காரணங்கள். எங்கள் வீட்டில் இருந்த பயம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

உங்கள் வீட்டில் யாராவது அடிக்கடி இரவில் இருமி விழித்தால், மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளியுங்கள். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதே அந்த மருந்தால்தான்.